மெட்டு முதல் ராயல்டி வரை: தமிழில் பாடலாசிரியராக வர நினைப்பவர்களுக்கு

கவிதை எழுதத் தெரியும், நாலு பேர் பாராட்டியிருக்கிறார்கள், அடுத்து சினிமாவுக்குப் பாட்டு எழுதலாம் என்று சென்னைக்குப் பஸ் ஏறுபவர்கள் இன்றும் உண்டு. வடபழனியிலோ சாலிகிராமத்திலோ ஓர் அறை, கையில் கவிதைத் தொகுப்பு, இசையமைப்பாளரின் ஸ்டுடியோ வாசல். அந்தத் தொகுப்பைப் பெரும்பாலும் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அதற்குத் திமிர் காரணம் இல்லை. தமிழ்த் திரையிசையில் பெரும்பாலும் மெட்டு முதலில் பிறக்கும், வரி பிறகு வரும். நல்ல கவிதை எழுதுகிறவர் கொடுத்த டியூனுக்குள் எழுதிவிடுவாரா என்பது கவிதைத் தொகுப்பைப் படித்து இசையமைப்பாளருக்குத் தெரியப்போவதில்லை. அதைக் காட்டும் சரக்கு உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தயார் செய்வதிலிருந்து ஆரம்பிப்போம்.

வேலை எப்படிக் கைக்கு வருகிறது

இயக்குநர் இசையமைப்பாளரிடம் சிச்சுவேஷன் சொல்கிறார். இசையமைப்பாளர் டியூன் போடுகிறார். டியூன் ஓகே ஆனதும் அது ஒரு ஆடியோவாக வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வரும். அதில் 'தன்னன்னா' என்றோ, அர்த்தமில்லாத இங்கிலீஷ் மாதிரி எதையோ வைத்தோ, இசையமைப்பாளரே பாடியிருப்பார். இதற்கு டம்மி வரி என்று பெயர். கூடவே இயக்குநரோ உதவி இயக்குநரோ பேசிய ஒரு வாய்ஸ் நோட் வரும்: 'ஹீரோ ஊரை விட்டுக் கிளம்புறான், சோகமா வேணாம், ஆனா உள்ள வலி இருக்கணும்.' நாளை காலை வேண்டும் என்பார்கள். இதுதான் வேலை. பழைய மாதிரி ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்து கம்போசிங் நடப்பது சில இடங்களில் இன்னும் உண்டு. புதியவருக்கு வருவது பெரும்பாலும் இந்த ஆடியோதான்.

உங்களைத் தேர்ந்தெடுப்பவர் இசையமைப்பாளர் அல்லது இயக்குநர். பணம் தர வேண்டியவர் தயாரிப்பாளர். சிறிய படங்களில் இசையமைப்பாளர் எல்லாவற்றையும் சேர்த்து 'பேக்கேஜ்' எடுத்திருப்பார். அப்போது பாடகர், வாத்தியக்காரர், பாடலாசிரியர் எல்லோருக்கும் அவர்தான் பணம் தர வேண்டும். எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே 'பேமென்ட் யார் சைடு சார்?' என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் விட்டால் பின்னால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

மெட்டை அளப்பது

டியூன் வந்தவுடன் பேனாவை எடுக்காதீர்கள். பத்து முறை கேளுங்கள், கூடவே பாடுங்கள், பிறகு அதைத் தத்தகாரமாக எழுதுங்கள். குறில் வரும் இடத்தில் 'த' அல்லது 'ன', நெடில் வரும் இடத்தில் 'தா', அழுத்தி நிறுத்தும் இடத்தில் 'தந்' அல்லது 'தத்'. இப்படித் தாளில் இறக்கிவிட்டால் மெட்டு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கணக்கு இதுதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. பாட்டில் குறிலோடு ஒரு மெய் ஒட்டினால் (தந், கல், மன்) இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் கடைசியில் வரும் 'ஐ' குறுகித்தான் ஒலிக்கும் என்பதால் 'மாலை', 'சாலை' ஆகியவற்றின் 'லை'யை ஒன்றாகவே எண்ணலாம். 'வந்தது' போன்ற சொல்லின் கடைசி 'து'வும் ஒன்று.

ஒரு மெட்டை எடுத்துப் பார்ப்போம்:

தான தந்தன தான தந்தன
தான தந்தன தானனா

'தான' மூன்று, 'தந்தன' நான்கு. ஆக ஏழு ஏழாக நடக்கும் மெட்டு, மிஸ்ர நடை. கடைசித் 'தானனா' ஐந்துதான். மிச்சம் இரண்டுக்கு அந்த 'னா' நீள்கிறது. அதாவது வரியின் கடைசி எழுத்து நெடிலாக இருந்தே ஆக வேண்டும். சிச்சுவேஷன்: பஸ் போய்விட்டது, சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிற்கிறான். முதல் முயற்சி:

மாலை வந்தது சாலை ஓய்ந்தது
ஊரு தங்குது வீட்டிலே
பேச வந்தவன் பாதி நின்றவன்
மீதி உள்ளது பாட்டிலே

படிக்கும்போது உறுத்தாது. பாடினால் இரண்டு இடத்தில் இடிக்கும். 'வந்தவன்', 'நின்றவன்' இரண்டும் 'வன்' என்று மெய்யில் முடிவதால் நான்கு ஐந்தாகிறது. மெதுவான மெட்டென்றால் பாடகர் சமாளித்துவிடுவார். வேகமான மெட்டில் 'வன்' அடுத்த 'பா'வின் மேல் ஏறி விழும். இன்னொன்று 'ஓய்ந்தது': நெடிலுக்குப் பின்னால் ய், ந் என்று இரண்டு மெய் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வேகத்தில் 'ஓந்தது' என்றுதான் காதில் விழும். திருத்தினால்:

மாலை வந்தது சாலை தூங்குது
ஊரு தங்குது வீட்டிலே
பேச வந்தது பாதி நின்றது
மீதி உள்ளது பாட்டிலே

இப்போது ஒவ்வோர் எழுத்தும் தன் இடத்தில் உட்காருகிறது. 'வீட்டிலே', 'பாட்டிலே' இரண்டின் 'லே'யும் நீண்டு ஒலிக்கும். 'வீட்டில்' என்று முடித்திருந்தால் நீட்ட எதுவும் இருந்திருக்காது. பாடகர் 'ல்' மேல் முட்டிக்கொண்டு நிற்பார். எதுகையும் மோனையும் தானாகவே வந்து சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள் (மாலை–சாலை, பேச–பாதி–பாட்டிலே). அவற்றைத் தேடிப் போய், அதற்காகப் பொருளை விற்றுவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் காரியம்.

இந்தக் கணக்கெல்லாம் எத்தனை நாளைக்கு என்றால், காது பழகும் வரைக்கும். பழகியபின் எண்ண வேண்டியதில்லை. காது பழகத் திருப்புகழை விடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. பல பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அதன் சந்தக் குழிப்பை 'தனதன தான' என்று அச்சிட்டே கொடுத்திருப்பார்கள். குழிப்பை வைத்துக்கொண்டு உங்கள் சொற்களால் நிரப்பிப் பழகலாம். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் அப்படித்தான். பக்தி இருக்கிறதோ இல்லையோ, பாடலாசிரியருக்கு இவை தொழில் நூல்கள்.

வாய்க்கு வசதியான எழுத்து

மெட்டுக்குள் அடங்கினாலும் பாட முடியாத வரிகள் உண்டு. உச்ச ஸ்தாயியில் வாய் திறக்க வேண்டும்; அங்கே ஆ, ஓ, ஏ போன்ற ஒலிகள் கொடுத்தால் குரல் விரியும். அதே இடத்தில் 'ஊ', 'ஈ' கொடுத்தால் பல பாடகர்களுக்குக் குரல் இறுகும். நீண்டு ஒலிக்கும் இடத்தில் வல்லின மெய்யில் முடியாதீர்கள். வேகமான இடத்தில் 'ழ', 'ள', 'ற்ற' அடுத்தடுத்து வைக்காதீர்கள். தமிழ் தெரியாத பாடகர் பாட வாய்ப்பிருந்தால் இது இன்னும் முக்கியம். அவர் தன் மொழி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுவார்.

மெட்டில் மூச்சு விடும் இடங்களைக் குறித்து வையுங்கள். அந்த இடத்தில் சொல் முடிய வேண்டும். சொல்லின் நடுவே மூச்சு விழுந்தால் பொருள் மாறிவிடும். 'நாயகன்' என்ற சொல்லில் இரண்டாம் எழுத்துக்குப் பிறகு ஒரு இடைவெளி விழுந்தால் தியேட்டரில் கேட்கப்போவது 'நாய'. ஹீரோ அறிமுகப் பாட்டாக இருந்தால் அன்றோடு உங்கள் கதை முடிந்தது.

வல்லினம் அடிதடிப் பாட்டுக்கும் குத்துக்கும் உதவும். மெல்லினமும் இடையினமும் தாலாட்டுக்கும் காதலுக்கும். இது விதி இல்லை, ஆனால் காரணமில்லாமல் மீறாதீர்கள். கானா எழுதுவதாக இருந்தால் வடசென்னைப் பேச்சின் ஓசையைக் காதால் கேட்டுப் பழகுங்கள். படித்து எழுதிய கானா முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ராப்பில் மெட்டின் பிடி குறைவு, தாளத்தின் பிடி அதிகம். அங்கே அழுத்தம் விழும் எழுத்து நான்கு அடியில் எங்கே விழுகிறது என்பதுதான் கணக்கு.

பல்லவி

இசையமைப்பாளரும் இயக்குநரும் முதலில் பார்ப்பது பல்லவியின் முதல் வரியை, அதிலும் ஹூக் லைனை, அதாவது திரும்பத் திரும்ப வந்து மனதில் ஒட்டிக்கொள்ளும் வரியை. பாட்டின் பெயராக யூடியூபில் நிற்கப்போவது அதுதான். ஒரே ஒரு பல்லவியை அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஒரே மெட்டுக்கு நாலைந்து பல்லவி, ஒவ்வொன்றும் வேறு கோணத்தில். ஒன்று நேரடியாக, ஒன்று பேச்சு வழக்கில், ஒன்று ஓர் உருவகத்தில், ஒன்று வெறும் ஓசையை நம்பி. 'கண்ணே' என்று தொடங்கும் நாலும் நாலு ஆகாது, அது ஒன்றுதான்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. ஹூக் லைனை யூடியூபில் தேடிப் பாருங்கள். அதே சொற்களில் ஏற்கெனவே பாட்டு இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் பாட்டைத் தேடுகிறவருக்குப் பழைய பாட்டு வந்து நிற்கும். இரண்டாவது சோதனை: வரியைப் படிக்கச் சொல்லாமல், பாடிக் காட்டி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் காது குற்றம் இல்லை, வரியின் குற்றம்.

சரணத்தில் கதை நகர வேண்டும். பல்லவியில் சொன்னதையே சரணத்தில் வேறு சொற்களில் சொல்வது, பத்துக்கு எட்டு மாதிரிப் பாட்டுகளில் காணும் வியாதி. பல்லவியில் 'உன்னைப் பிரிந்தேன்' என்றால் சரணத்தில் அவள் விட்டுப்போன பொருள், கிளம்பிய ரயில், பேசாத போன் என்று ஏதாவது கண்ணில் தெரிய வேண்டும். நிலவு, மழை, பட்டாம்பூச்சி மூன்றையும் ஓராண்டுக்குத் தொடாமல் எழுதிப் பழகினால் நல்லது.

தினசரிப் பயிற்சி

உங்களுக்கு மெட்டு கொடுக்க யாரும் இல்லாத காலத்தில் தெரியாத மொழிப் பாட்டுகளை எடுங்கள். மலையாளம், கன்னடம், இந்தி எதுவானாலும் சரி. பொருள் புரியாததால் மெட்டு மட்டும் காதில் விழும். ஒரு நிமிடப் பகுதியை வெட்டி, கற்பனையாக ஒரு சிச்சுவேஷன் வைத்து, நாளைக்கு ஒரு பல்லவி எழுதுங்கள். நேரத்தையும் கட்டுங்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இந்தப் பயிற்சியை இணையத்தில் ஏற்றாதீர்கள். மெட்டு இன்னொருவர் சொத்து. யூடியூப் உரிமைக் கோரிக்கை வரும்.

கூடவே ஆதி, ரூபகம், சாபு ஆகிய தாளங்களைக் கையில் போடவும், 4/4, 6/8 வித்தியாசத்தைக் காதில் பிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கீபோர்டில் டியூனை ஒரு விரலால் வாசிக்கும் அளவுக்குத் தெரிந்தால் பேச்சு சுலபமாகும். பாட வராது என்றால் பரவாயில்லை, சுருதி விலகினாலும் தாளம் விலகாமல் பாடிக் காட்டத் தெரிய வேண்டும். இயைபுச் சொல் தேட கார்க்கி ஆராய்ச்சி அறக்கட்டளையின் 'எமோனி' போன்ற கருவிகள் உண்டு. தேவைப்படும்போது உதவும், அதிலிருந்து தொடங்கினால் சொல் உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

மாதிரியும் அறிமுகமும்

காட்டுவதற்கு மூன்று பாட்டு போதும்: ஒரு காதல், ஒரு குத்து அல்லது கானா, ஒரு கதையை நகர்த்தும் பாட்டு. மூன்றும் ஒலியாக இருக்க வேண்டும். இசைக் கல்லூரி மாணவர், கீபோர்டு புரோகிராமர், வீட்டில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கும் சவுண்ட் இன்ஜினியர் ஆகியோர் தங்கள் டியூனுக்கு வரி தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு சேருங்கள். அவர்களுக்கும் நீங்கள் தேவை.

வாசலில் நிற்பதைவிட, மேலே வரப்போகிறவர்களோடு இருப்பது நல்லது. இன்றைய உதவி இயக்குநர்தான் நாலு வருடம் கழித்துப் படம் இயக்குவார். இன்று ஒருவருக்குப் புரோகிராமராக இருப்பவர்தான் பிறகு தனியாக இசையமைப்பார். குறும்படத்துக்குப் பாட்டு எழுதுங்கள். அவர்கள் படம் கிடைத்துப் போகும்போது தெரிந்த பெயரைத்தான் கூப்பிடுவார்கள். நா. முத்துக்குமார் பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்துவிட்டுத்தான் பாட்டுக்கு வந்தார்.

தெரியாதவருக்கு மெசேஜ் அனுப்பினால் சுயசரிதை வேண்டாம். இவ்வளவு போதும்:

'வணக்கம் சார். பாடல் வரிகள் எழுதுகிறேன். மெட்டுக்கு எழுதிய மூன்று பல்லவி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள், ஒரே ஆடியோவாகக் கீழே இருக்கிறது. வரிகள் தனியாக. டியூன் அனுப்பினால் மறுநாள் காலைக்குள் எழுதித் தருவேன்.'

பதில் வராவிட்டால் இரண்டு மாதம் கழித்து, புதிய பாட்டு ஒன்றோடு மறுபடி அனுப்பலாம். அதே பழைய லிங்கை வாராவாரம் அனுப்புகிறவர்களைப் பிளாக் செய்வார்கள்.

பணம் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை. 'பாடலாசிரியர் தேர்வு, பதிவுக் கட்டணம்', 'படத்தில் ஒரு பாட்டு உங்களுக்கு, தயாரிப்பில் பங்கு போடுங்கள்' என்றெல்லாம் வரும். எழுதுகிறவர் பணம் கொடுத்தால் அது வேலை இல்லை.

வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வைரமுத்து பாட்டு எழுத வந்தபோது ஆட்சிமொழி ஆணையத்தில் மொழிபெயர்ப்பாளர். மதன் கார்க்கி அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். முதல் பாட்டுக்கும் பத்தாவது பாட்டுக்கும் நடுவில் வாடகை கட்டியாக வேண்டும். டியூன் வாட்ஸ்அப்பில் வரும் காலத்தில் கோவில்பட்டியில் இருந்துகொண்டே எழுதலாம். ரெக்கார்டிங்குக்கு மட்டும் வந்தால் போதும்.

சினிமா மட்டும் இல்லை

விளம்பர ஜிங்கிள், சீரியல் டைட்டில் பாட்டு, பக்தி ஆல்பம், தேர்தல் பிரச்சாரப் பாட்டு, தனியிசை, டப்பிங் படப் பாட்டு: இவற்றில்தான் பலர் ஓட்டுகிறார்கள். பக்தி ஆல்பத்தில் பொதுவாக மொத்தமாக ஒரு தொகை கொடுத்துப் பத்துப் பாட்டு கேட்பார்கள். ஒரு பாட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பார்த்துச் சம்மதியுங்கள். தேர்தல் பாட்டில் பணம் முன்கூட்டியே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். முடிவு வந்தபின் ஜெயித்தவருக்கும் நேரம் இருக்காது, தோற்றவருக்கும் மனம் இருக்காது. ஜிங்கிளுக்கு 30 விநாடியில் நாலைந்து சின்ன வரிதான் இடம். பிராண்டு பெயர் மெட்டில் அழுத்தம் விழும் இடத்தில் உட்கார வேண்டும்.

டப்பிங் பாட்டு தனிக் கலை. மெட்டோடு உதடும் பொருந்த வேண்டும். முகம் குளோசப்பில் இருக்கும் இடங்களை மட்டும் குறித்து, அங்கே மூல வரியில் உதடு மூடும் ஒலி (ப, ம) எங்கே வருகிறதோ அங்கே தமிழிலும் ப, ம வைக்கப் பாருங்கள். தூரத்து ஷாட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வரி முடியும்போது வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது மட்டும் எப்போதும் முக்கியம்.

வரி கொடுப்பது, திருத்துவது, ரெக்கார்டிங்

யூனிகோடில் தட்டச்சு செய்து, பல்லவி, அனுபல்லவி, சரணம் 1, சரணம் 2 என்று பிரித்து, மெட்டில் ஒரு வரி எங்கே முடிகிறதோ அங்கே வரியை உடைத்துக் கொடுங்கள். ஆண் குரல், பெண் குரல், கோரஸ் என்று ஓரத்தில் குறியுங்கள். கூடவே நீங்கள் டியூனின் மேல் பாடிய ஆடியோ. உங்கள் குரல் எப்படி இருந்தாலும் சரி, எந்த எழுத்து எந்த ஸ்வரத்தில் என்று அதுதான் காட்டும். ஆடியோ இல்லாமல் வரி மட்டும் அனுப்பினால், டிராக் (பாடகர் வருவதற்கு முன் மாதிரிக்குப் பாடி வைப்பது) பாடுகிறவர் தன் இஷ்டத்துக்குப் பிரித்துப் பாடி, 'வரி உட்காரல' என்ற புகார் உங்களுக்கு வரும்.

கரெக்ஷன் வந்தே தீரும். 'பிடிக்கல, வேற' என்றால் என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள்: பொருளா, சொல்லா, ஓசையா? பல சமயம் இயக்குநருக்கு இடறுவது ஒரே ஒரு சொல்லாக இருக்கும். அதை மட்டும் மாற்றினால் முழுப் பாட்டும் பிழைக்கும். டம்மி வரியிலேயே எல்லோரும் பழகிப்போவதும் உண்டு. பத்து நாள் கேட்ட டம்மிதான் காதில் ஒட்டிக்கொள்ளும், உங்கள் வரி அந்நியமாகத் தெரியும். அப்போது டம்மியின் ஓசையை, முக்கியமாக முதல் உயிர் ஒலியையும் கடைசி உயிர் ஒலியையும், விடாமல் வைத்துக்கொண்டு பொருளை மாற்றுங்கள்.

ஒவ்வொரு பதிப்பையும் தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசி முடித்தாலும் இறுதி வரிகள் மின்னஞ்சலில் போகட்டும். நாளை யார் எழுதியது என்று கேள்வி வந்தால் அதுதான் சாட்சி. இயக்குநரோ ஹீரோவோ ஒரு வரி சேர்த்துவிட்டுத் தன் பெயரும் வர வேண்டும் என்று கேட்டால், பங்கு எத்தனை சதவீதம் என்பதை அன்றே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ரிலீஸுக்குப் பிறகு அது முடியாது.

ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். ந, ன, ண தவறினால் பொறுக்கலாம். 'கலை' 'களை' ஆகிவிட்டால் பொருளே போச்சு. பாடகர் மூச்சுக்குத் தவிக்கும் இடத்துக்கு மாற்றுச் சொல் இரண்டைக் கையில் வைத்திருங்கள். திருத்தத்தைப் பாடகரிடம் நேராகச் சொல்லாமல் இசையமைப்பாளர் வழியாகச் சொல்வது அங்கே மரியாதை.

தணிக்கைக் குழு படத்தில் உள்ள பாட்டு வரிகளையும் பார்க்கும். யூடியூபில் முதலில் வெளியான லிரிக் வீடியோவில் இருக்கும் சொல், படத்தில் மியூட் ஆகலாம். சாதிப் பெயர், கொச்சைச் சொல் போன்றவற்றை எழுதும்போதே மெட்டுக்குப் பொருந்தும் மாற்றுச் சொல் ஒன்றையும் தயாராக வைத்தால் கடைசி நேரத்தில் தூங்கலாம்.

பணமும் ஒப்பந்தமும்

முதல் சில பாட்டுக்குப் பணம் வராமல் போவது சகஜம். எத்தனை பாட்டு வரைக்கும் அப்படி என்று நீங்களே ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் பாதி முன்பணம், மீதி ரெக்கார்டிங் அன்று. ரிலீஸுக்குப் பிறகு தருகிறேன் என்பதை நம்பி எழுதினால், படம் வெளிவராமல் போகும்போது பணமும் வெளிவராது. பேசிய தொகையில் தயாரிப்பு நிறுவனம் பொதுவாக 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தரும், பான் எண் கொடுக்காவிட்டால் அது 20 சதவீதம் ஆகும். பிடித்ததை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வழி உண்டு. பலர் தாக்கலே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

உரிமை விஷயத்தில் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1977-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் படத்துக்காக எழுதிய பாட்டின் உரிமைக்குத் தயாரிப்பாளரே முதல் சொந்தக்காரர் என்று சொன்னது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பாடலாசிரியர் கையெழுத்துப் போட்டு ஒருமுறை பணம் வாங்கினால் கதை முடிந்தது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது படத்துக்கு எழுதினாலும், தியேட்டரில் அந்தப் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் (வானொலி, தொலைக்காட்சி, ஸ்ட்ரீமிங், மேடைக் கச்சேரி) வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமை எழுதியவருக்கு உண்டு. அதை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தப் பிரிவு செல்லாது.

ஆகவே 'ராயல்டி உட்பட எல்லா உரிமையும்' என்று யாராவது ஒப்பந்தத்தில் வைத்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அந்தச் சொற்களை எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்து வேண்டும். எந்தப் பாட்டு, என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எவ்வளவு தொகை என்ற ஐந்தும் இருக்கிறதா பாருங்கள். ஆண்டு குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று எடுத்துக்கொள்ளப்படும். படம் நின்றுபோனால் வரி உங்களிடம் திரும்பி வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நின்றுபோகும் படங்கள் கொஞ்சமில்லை.

வரிகளைப் பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை; எழுதியவுடனே உரிமை பிறந்துவிடும். வழக்கு வந்தால் சாட்சியாக உதவும் என்பதற்காகப் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியே 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள், பிறகு பரிசீலனை. ஒவ்வொரு பாட்டுக்கும் செய்ய வேண்டியதில்லை. யாருக்கும் கொடுக்காமல் கையில் இருக்கும் முக்கியமானவற்றுக்குச் செய்தால் போதும். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினர் ஆவது தனி விஷயம். சம்பளப் பாக்கி, பெயர் தகராறு வந்தால் பேச ஓர் இடம் அது.

ஐ.பி.ஆர்.எஸ்.

சட்டம் உரிமை தந்தாலும் பணத்தை வசூலித்துத் தர ஒரு சங்கம் வேண்டும். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அது ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி); 1969-இல் தொடங்கியது, தலைமையகம் மும்பை. பி.பி.எல். என்பது ஒலிப்பதிவின் சொந்தக்காரர்களுக்கானது, உங்களுக்கு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

முதல் பாட்டு வெளியானவுடன் விண்ணப்பியுங்கள். பான், ஆதார், வங்கி விவரம், வெளியான பாட்டுகளின் விவரம் தேவைப்படும். உறுப்பினர் ஆனதும் உங்களை அடையாளம் காட்டும், உலகம் முழுக்கச் செல்லும் ஓர் ஐ.பி.ஐ. எண் கிடைக்கும். உறுப்பினர் ஆவதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு பாட்டும் உங்கள் பெயரில், சரியான பங்கோடு பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். இசை நிறுவனம் பதிவு செய்யும்போது பாடலாசிரியர் இடம் காலியாகவோ, பெயர் வேறு எழுத்துக்கூட்டிலோ இருப்பது அடிக்கடி நடக்கும். பெயர் பொருந்தாவிட்டால் பணம் உங்கள் கணக்குக்கு வராமல் தேங்கி நிற்கும்.

இதற்காகவே முதல் நாளிலேயே ஒரு முடிவெடுங்கள்: தமிழிலும் ஆங்கிலத்திலும் உங்கள் பெயர் எப்படி எழுதப்படும் என்பது. இனிஷியல் முன்னாலா பின்னாலா, புனைபெயரா சொந்தப் பெயரா. முடிவு செய்தபின் மாற்றாதீர்கள். பாட்டு வெளியாகும் நாளில் யூடியூப் விவரக் குறிப்பு, ஸ்ட்ரீமிங் தளங்களின் கிரெடிட் பகுதி, படத்தின் டைட்டில் மூன்றையும் பார்த்துவிடுங்கள். விடுபட்டிருந்தால் அன்றே தயாரிப்பு மேலாளருக்கும் இசை நிறுவனத்துக்கும் எழுதுங்கள். முதல் வாரத்தில் திருத்துவார்கள், பிறகு கிணற்றில் போட்ட கல்தான்.

இதே வேலையைச் செய்யும் சங்கம், மலேசியாவில் இருப்பவர்களுக்கு எம்.ஏ.சி.பி., சிங்கப்பூரில் காம்பஸ், பிரிட்டனில் பி.ஆர்.எஸ்., கனடாவில் சோகன். ஒரே நாட்டுக்கு ஒரே உரிமையை இரண்டு சங்கங்களிடம் கொடுத்து வைக்காதீர்கள், இரண்டும் நிறுத்தி வைக்கும். எந்தச் சங்கமானாலும் வாரிசுதாரர் பெயரைப் படிவத்தில் நிரப்பிவிடுங்கள். இந்தியச் சட்டத்தில் பாட்டின் உரிமை எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு ஓடும், அந்தப் பணத்தை வாங்க வீட்டில் யாருக்கு உரிமை என்று சங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.